முதல் நாளே கேபிளை உருவுங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. பிள்ளைக்குப் புரோகிராமிங் பழக்கலாம் என்று அடுத்து ஒரு குட்டி ரோபோவும் வாங்குகிறீர்கள். மேக்பிளாக் நிறுவனத்தின் எம்பாட்டையே எடுத்துக் கொள்வோம். மோட்டார், சக்கரம் எல்லாம் பூட்டி, பேட்டரி போட்டு சுவிட்சைத் தட்டினால் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டு ஓடும். போர்டில் உள்ள பட்டனை அழுத்தினால் தடையைக் கண்டு விலகும். மீண்டும் அழுத்தினால் கறுப்புக் கோட்டின் மீதே போகும். இதுவரை யாருக்கும் சிரமமில்லை. குழப்பம் எம்பிளாக் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்த பிறகுதான்.

ரோபோவை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, கனெக்ட் கொடுத்து, பிளாக்குகளை அடுக்கிப் பச்சைக் கொடியைக் கிளிக் செய்கிறீர்கள். (கனெக்ட் ஆகவில்லையா? டிவைஸ் மேனேஜரில் சி.எச்.340 என்ற பெயர் தெரிகிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும்.) ரோபோ நகர்கிறது. குஷியில் பிள்ளை கேபிளை உருவுகிறது. அவ்வளவுதான், தடையைக் கண்டு திரும்ப வேண்டிய ரோபோ திரும்புவதில்லை. "உடைச்சிட்டியா?" என்று ஓர் அதட்டல்.

எதுவும் உடையவில்லை. லைவ் மோடில் புரோகிராம் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில். ரோபோ அங்கிருந்து வரும் கட்டளைக்குச் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவே. அப்லோட் மோடுக்கு மாறி, கொடி பிளாக்குக்குப் பதில் 'எம்பாட் ஸ்டார்ட்ஸ் அப்' என்ற பிளாக்கை மேலே வைத்து அப்லோட் கொடுத்தால், புரோகிராம் ரோபோவின் சிப்புக்குள் போய் விடும். இனி கேபிள் வேண்டாம்.

ஆனால் ரிமோட் வேலை செய்யாது! அந்தச் சிப்பின் இடம் 32 கிலோபைட். ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம்தான் இருக்கும். ரிமோட்டைக் கவனித்த பழைய புரோகிராம் மீது உங்களுடையது எழுதப்பட்டு விட்டது. அப்டேட் ஃபர்ம்வேர் சென்று ஃபேக்டரி ஃபர்ம்வேரைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட் திரும்பி விடும்.

இந்த இரண்டு 'பழுதுகளையும்' முதல் நாளே, பிள்ளையின் கையாலேயே, வேண்டுமென்று செய்ய வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் அப்பாவே தயார் செய்து நீட்டினால் பிள்ளைக்குக் கிடைப்பது விலை அதிகமான ரிமோட் கார். எட்டு வயதில் ஃபர்ம்வேர் எதற்கு என்பீர்கள். அந்த வார்த்தை வேண்டாம். 'இந்தப் புரோகிராம் இப்போது எங்கே ஓடுகிறது?' என்ற கேள்வி போதும். என் கம்ப்யூட்டரிலா, சர்வரிலா என்று அலுவலகத்தில் நாங்கள் தினமும் கேட்டுக் கொள்வதும் அதைத்தான்.

வாங்கும்போது புளூடூத் மாடலா, 2.4ஜி மாடலா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது செல்போனுடன் சேராது. அதற்கும் முன்னால், எம்.ஐ.டி. 2007-ல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசமாகக் கிடைக்கிறது. எம்பிளாக்கும் அதன் அடிப்படையில் உருவானதே. ஒரு மாதம் அதிலுள்ள பூனையை ஓட விட்டுப் பாருங்கள். பூனையோடு ஆர்வம் தீர்ந்து விட்டால் ரோபோ காசு மிச்சம்.