சஹர் நேரத்து நிலவும் கண்ணுக்கு எட்டாத கிரகணமும்

வரும் 2027 பிப்ரவரி 21, ஞாயிறு அதிகாலையில் ஒரு சந்திர கிரகணம் நிகழவிருக்கிறது. பிறை தென்படுவதைப் பொறுத்து அன்று ரமலான் 13 அல்லது 14 ஆக இருக்கும். இந்திய நேரப்படி 2:42க்குத் தொடங்கி, 4:43க்கு உச்சத்தை அடைந்து, 6:43க்கு முடிகிறது. மதுரையில் சஹர் முடிவு ஏறத்தாழ 5:20. சூரியன் உதிப்பது 6:33 அளவில். அதையொட்டியே நிலவும் மேற்கில் மறைந்துவிடும். ஆக, நாம் சஹருக்கு எழுந்து உண்டு, நிய்யத் வைத்து, சுப்ஹு தொழுது முடிக்கும் வரையிலான நேரம் முழுவதும் இந்தக் கிரகணத்திற்குள்ளேயே அடங்குகிறது.

ஆனால் இது புறநிழல் கிரகணம். பூமியின் கருநிழல் நிலவைத் தொடுவதில்லை. வெளிப்புற மென்னிழலுக்குள் நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ 93 விழுக்காடு நுழைகிறது, அவ்வளவே. 2025 செப்டம்பர் 7 இரவு நாம் கண்ட செம்பு நிறமோ, கடித்தெடுத்தாற்போன்ற கருமையோ இதில் இராது. பரவையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே சோழவந்தான் பக்கம் நோக்குவோர், உச்ச வேளையில் நிலவின் வலப்புற விளிம்பு சற்றே மங்கியிருப்பதைக் கூர்ந்து கவனித்தால் உணரக்கூடும். மெல்லிய மேகமோ பனிமூட்டமோ இருந்தால் அதுவும் தெரியாது. பொழுது புலரப் புலர, அடிவானை நெருங்கும் நிலவில் இந்த மங்கலைப் பிரித்தறியவே இயலாது.

இத்தகைய கிரகணத்திற்குத் தொழுகை உண்டா? அன்று அதிகாலை கைபேசிகளில் இக்கேள்வி சுற்றிவரும் என்பதில் நமக்கு ஐயமில்லை. நபி (ஸல்) அவர்கள் கிரகணத் தொழுகையைக் கணக்கோடு இணைக்கவில்லை, காண்பதோடு இணைத்தார்கள். ஆகவேதான், கண்ணுக்குப் புலப்படாத புறநிழல் மங்கலுக்குத் தொழுகை இல்லை என்று உலமாக்கள் பலர் கூறுகின்றனர். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ரமலான் தொடக்கத்தில் வானியல் கணக்கு ஒருபுறம் இருக்க, பிறையைக் கண்ணால் கண்டாக வேண்டும் என்று வற்புறுத்துகிற நாம், அதே மாதத்தின் நடுவில் எவரும் காணாத கிரகணத்தைக் கணக்கை மட்டும் நம்பி அறிவிப்பது முரணல்லவா?

கணக்கே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். எப்போது வானத்தைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பார்த்தபின் செய்ய வேண்டியதை மார்க்கம் சொல்கிறது. கிரகணம் தெளிவாகத் தெரிந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் ஜமாஅத்தாகவும், ஹனஃபி மத்ஹபில் அவரவர் தனித்தும் தொழுவர். இரு மத்ஹபினரும் கலந்து வாழும் மதுரை வட்டாரத்தில் இதில் சச்சரவுக்கு இடமில்லை. ஐயம் எழுந்தால் நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்போம். தஹஜ்ஜுதும் இஸ்திக்ஃபாரும் எந்தக் கிரகணத்திற்கும் காத்திருப்பவை அல்ல.

தொழுகை குறித்த கேள்வியை விடவும் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. கிரகண வேளையில் உண்ணலாகாது, கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது, காய் நறுக்கினால் குழந்தைக்கு ஊனம் நேரும் என்ற அச்சங்கள் நம் வீடுகளிலும் குடிகொண்டுள்ளன. அவ்வச்சத்தை அன்று கடைப்பிடித்தால் என்ன ஆகும்? 2:42 முதல் உணவைத் தொடாதவர் சஹரையே இழப்பார். நோன்பு நோற்க நாடும் ஒரு கர்ப்பிணியை, பரக்கத் நிறைந்தது என நபியவர்கள் ஊக்குவித்த உணவைக்கூட உண்ணவிடாமல் பகல் முழுதும் பசித்திருக்கச் செய்வது எந்த மார்க்கம்? தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என அஞ்சினால் நோன்பையே பிற்படுத்திக்கொள்ளச் சலுகை பெற்றவள் அவள்.

கி.பி. 632இல் நபியவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் இறப்பால்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசினர். துயரத்தில் இருந்த தந்தை அப்பேச்சை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் ஒளி இழப்பதில்லை என்றும், அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும் அறிவித்தார்கள். தம் மகனின் மரணத்தோடுகூட முடிச்சிட மறுத்த கிரகணத்தை, நாம் நம் மருமகளின் வயிற்றோடு முடிச்சிடலாமா?

2026 மார்ச் 3 அன்று, அதுவும் ரமலானில், நோன்பு திறக்கும் வேளையில் நிலவு கிரகணத்துடனேயே நம் கீழ்வானில் உதித்தது. அடுத்த ரமலானிலோ சஹர் வேளையில் கிரகணத்துடன் மேற்கே இறங்குகிறது. ஆகவே அன்று நிம்மதியாக உண்போம். பிள்ளைகளை எழுப்பி வானத்தைக் காட்டுவோம். மங்கல் தெரிகிறதா என்று அவர்களே சொல்லட்டும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நிலவையும் நிழலையும் அளவோடு படைத்தவனை அவர்கள் அறிந்துகொள்வார்கள். அச்சத்தை அவனுக்கு மட்டுமே உரியதாக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.