நடை சாத்திய மலையில் தொழிலாளர்கள் மட்டும் ஏன்?

ஆழ்வார்கள் பாடிய வதரி, இன்றைய பத்ரிநாத். கார்த்திகை வாக்கில் நடை சாத்தினால் சித்திரையில்தான் திறப்பு. அடுத்துள்ள மானா கிராமத்து மக்களும் குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பனியோடு வாழ்ந்தவர்களின் வழக்கம் அது. அங்கேதான் 2025 பிப்ரவரி 28 அன்று எல்லைச் சாலைப் பணிக்கு வந்த 54 தொழிலாளர்கள் இரும்புக் கண்டெய்னர்களில் தங்கியிருந்தார்கள். பாதையில் விழும் பனியை அகற்றுவது அவர்கள் வேலை. காலையில் சரிந்த பனி கண்டெய்னர்களைப் புரட்டித் தள்ளியது. 46 பேர் மீட்கப்பட்டார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் மிஞ்சியிருந்த காற்றுதான் பலரைக் காப்பாற்றியது.

இதை இயற்கைச் சீற்றம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பனிச்சரிவை ஆராயும் பாதுகாப்புத் துறை நிறுவனம் மானா இருக்கும் சமோலி மாவட்டத்துக்கு முந்தைய நாளே எச்சரிக்கை விடுத்திருந்தது. இதே சமோலியில், சும்னா என்ற இடத்தில், 2021 ஏப்ரல் 23 அன்றும் சாலைத் தொழிலாளர் முகாம் பனியில் புதைந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

குளிர் குறைவதால் ஆபத்து குறைந்துவிடுவதில்லை. இறுகிக் கிடக்கும் பழைய பனிமேல் மாசி, பங்குனியில் புதுப்பனி கனமாகக் கொட்டும். இரண்டும் ஒட்டிக்கொள்ளுமுன் மேலடுக்கு அப்படியே வழுக்கிவிடலாம். வெயில் ஏறினால் உருகிய நீர் கசிந்து இருக்கிற பிடியையும் தளர்த்தும். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி கடந்தால் கடினம். அதற்குள் எந்த ஹெலிகாப்டரும் வந்து சேராது. பக்கத்தில் இருப்பவரின் மண்வெட்டிதான் கதி. மலையேற வந்தவர் வானம் பார்த்துத் திரும்பிவிடலாம். சம்பளத்துக்கு வந்தவர் யாரைக் கேட்டுத் திரும்புவார்?

எல்லைக்குச் சாலை வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சாலை போடுகிறவர் சரிவின் வாயில் படுத்துறங்கத்தான் வேண்டுமா? பனிச்சரிவு வல்லுநர்கள் பார்த்து ஒப்புதல் தராத இடத்தில் எந்த முகாமும் கூடாது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி வேண்டும். எச்சரிக்கை வந்த நாளில் முகாமைக் காலி செய்வதும், வேலையில்லாத அந்த நாட்களுக்குச் சம்பளம் தருவதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். ‘இறங்குங்கள்’ என்று உத்தரவிட வேண்டிய அதிகாரி யார் என்பதும் அதே தாளில், அடுத்த பனிக்காலத்துக்கு முன்பே, பதவியோடு குறிக்கப்பட வேண்டும்.