அங்குலம் கூடினால் பிக்கப் கூடுமா?

ஜப்பானில் ஓடி, பழைய வண்டியாக இறக்குமதியான கார்கள் ஆக்லாந்தில் ஏராளம். அவற்றில் டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினுக்குக்கூட மூன்று அங்குல எக்ஸாஸ்ட் குழாய் போட்டால் பவர் ஏறும் என்று நம்பிச் செலவழிப்பவர்கள் உண்டு. புகை போகும் வழி அகலமானால் எஞ்சினுக்குச் சுமை குறையும் என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணம் வீணாகிறது. இரண்டு அங்குலக் குழாயை மூன்றாக்கினால் உட்பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. எஞ்சின் தள்ளும் புகை அதே அளவுதான் என்பதால், அதன் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வால்வு திறக்கும்போதெல்லாம் வேகமாகப் பாயும் புகை, தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து, சிலிண்டரில் மிஞ்சியதையும் இழுத்துக்கொண்டு போகிறது; அந்த இடத்தில் புதுக்காற்று நிறைகிறது. வேகம் தளர்ந்தால் இந்த இழுப்பும் தளரும். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில் இதன் விளைவு அதிகம், பின்னால் போகப் போகக் குறைவு.

'எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேண்டும்' என்று சில மெக்கானிக்குகள் சொல்லும் பதிலும் சரியில்லை. தடை எந்த எஞ்சினுக்கும் நல்லது செய்வதில்லை, தேவைப்படுவது வேகம். டர்போ வண்டிக்கு அகலமான குழாய் பலன் தருகிறதே என்று கேட்கலாம். தரும். அங்கே புகையின் வேலை டர்பைனைச் சுற்றியதோடு முடிகிறது. அதற்குப் பின்னால் எவ்வளவு தாராளமாக வழிவிட்டாலும் லாபமே. ரேஸ் கார்களைக் காட்டுபவர்களுக்கும் பதில் உண்டு. ஹாம்ப்டன் டவுன்ஸ் பந்தயத் தடத்தில் எஞ்சின் உயர்ந்த ஆர்பிஎம்மிலேயே சுழல்கிறது. புகையும் அதற்கேற்ப அதிகம். காலை நெரிசலில் சதர்ன் மோட்டார்வேயில் ஊர்ந்து போகும் காருக்கு 2,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவைதான் முக்கியம்.

சத்தம் பிடித்திருக்கிறது என்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் சத்தத்தைப் பவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனைக்குப் போனால், கம்பெனிக் குழாயைவிடத் தெளிவாக அதிகம் உறுமும் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். குழாய் போட்டுத்தரும் பட்டறையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாற்றுவதற்கு முன்னும் பின்னும் பவரை அளக்கும் ஒரே டைனோ கருவியில் எடுத்த வரைபடம். அதிலும் 6,000 ஆர்பிஎம்மில் தெரியும் உச்ச எண்ணை விட்டுவிட்டு, 2,000 முதல் 4,000 வரை டார்க் (இழுவை) கோடு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.