கறளும் காசும்

பின்வளவில் கறள் பிடித்துக் கிடக்கும் வுல்ஸ்லி 16/60ஐத் திருத்தலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பொனற்றைத்தான் திறக்கிறார்கள். அவசியமில்லை. உள்ளே இருப்பது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60இன் அதே 1622 சிசி எஞ்சின். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டிய யாழ்ப்பாணத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. குனிந்து, கதவுக்குக் கீழே பாருங்கள். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாரம் தாங்குவது உடம்புதான். உப்புக்காற்று அங்கே புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். ஸ்குறூட்றைவரால் குத்தியதும் தகரம் முறுக்குப்போல நொறுங்கினால், வெல்டிங் செலவுக்கு இன்னொரு காரே வாங்கலாம். மர டாஷ்போட்டும் தோல் இருக்கையும் மயக்கும்தான் (அன்றைக்கும் அதற்குத்தானே கூடுதல் விலை!). அடித்தகரம் உறுதியென்றால் மட்டும் கராச்சுக்கு இழுத்துப் போங்கள்.