ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பாட்டரி காரைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. பெரிய ரெயில் நிலையங்களில் அது ஓடுகிறது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஓடுகிறது. புகை இல்லை. சத்தம் இல்லை. முழங்கால் வலியால் நடக்க முடியாத பாட்டியையும், கைக்குழந்தையோடு வரும் தாயையும் மூட்டை முடிச்சுடன் ஏற்றிச் செல்கிறது.

இந்த வண்டி முதலில் ஏழைக்கு வந்ததல்ல. கோல்ப் ஆடும் செல்வர்களுக்காக வந்தது. 1950-களில் அமெரிக்க மைதானங்களில் பெருகியது. ஜார்ஜியா மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர் உண்டு. அங்கே இந்த வண்டிகளுக்கென்றே தனிப் பாதைகள் இருக்கின்றன. பள்ளி மாணவர்கள்கூட அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்!

எங்கே ஓடினாலும் வண்டியின் உயிர் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு 48 வோல்ட் வேண்டும். அதற்காக 8 வோல்ட் பாட்டரிகள் ஆறு, வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமெண்டில் பாதிக்கு மேல் கனக்கும். சில வண்டிகளில் 12 வோல்ட் பாட்டரிகள் நான்கு இருக்கும்.

சில ஆண்டுகள் போனால் வண்டி தகராறு செய்யும். காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் முனகும். சாயங்காலம் பாதி வழியில் நின்றுவிடும். ஏறி உட்கார்ந்திருக்கும் கிழவி இறங்கி நடக்க வேண்டும். அவள் ரெயிலோ கடைசிப் பிளாட்பாரத்தில் நிற்கும்!

அப்போது மெக்கானிக் வருவார். சோதித்துப் பார்ப்பார். "ஒன்றுதான் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும்" என்பார். பணம் கொடுப்பவருக்கு இதைவிட இனிப்பான பேச்சு இருக்க முடியுமா? உடனே சரி என்று சொல்லிவிடுகிறார்.

அங்கேதான் நஷ்டம் ஆரம்பமாகிறது.

கிழட்டு மாடும் காளையும்

வண்டியில் ஒரு பக்கம் கிழட்டு மாடு. மறு பக்கம் இளங்காளை. வண்டி யாருடைய வேகத்தில் போகும்? கிழட்டு மாட்டின் வேகத்தில்தான் போகும். காளையின் பலம் வீண்.

பாட்டரிகளின் கதையும் இதுதான். ஆறும் சங்கிலி போல இணைக்கப்பட்டவை. ஒன்றின் வழியாகப் போகும் மின்சாரமே மற்ற ஐந்தின் வழியாகவும் போக வேண்டும். பழையது ஒன்று காலியானால் வண்டி நின்றுவிடும். புதியதில் பாதி மின்சாரம் மிச்சம் இருந்தாலும் பயன் இல்லை.

சார்ஜ் ஏற்றும்போது இன்னும் மோசம். பழையது சீக்கிரம் நிறைந்துவிடும். ஆனாலும் அதன் வழியாகத்தான் மின்சாரம் புதியதற்குப் போயாக வேண்டும். பழையது கொதிக்கிறது, தண்ணீர் வற்றுகிறது. புதியதோ முழுதும் நிறையாமலே அரை வயிற்றோடு இருக்கிறது. இப்படியே சில மாதம் போனால், புதியதும் பழையதாகிவிடும். அதற்குள் மற்ற ஐந்தில் இன்னொன்று படுத்திருக்கும். மறுபடி மெக்கானிக் வருவார். மறுபடி "ஒன்றுதான்" என்பார்.

ஆகவே ஆறும் வயதானவை என்றால் ஆறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, முடிந்தால் ஒரே மாதத்தில் செய்தவை.

வாங்கிய சில மாதத்திலேயே ஒன்று கெட்டால் அது வேறு விஷயம். அது தயாரிப்பில் வந்த குற்றம். உத்தரவாதச் சீட்டைக் காட்டி அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. மாற்றுவதற்கு முன் கம்பி முனைகளைப் பார்க்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. குற்றம் முனையில் இருக்க, பழி பாட்டரி மேல் விழுவது உண்டு. சார்ஜரையும் சோதிக்க வேண்டும். இவற்றுக்கு அரை நாள் போதும். செலவு அநேகமாக இல்லை.

மலிவு என்ற வலை

கடைக்குப் போனால் மலிவாக ஒரு பாட்டரி கிடைக்கும். "இதுவும் 12 வோல்ட்தான்" என்பார்கள். அது மோட்டார் காரைக் கிளப்பும் பாட்டரியாக இருக்கும். அதன் வேலை சில விநாடி வேலை. உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியவை. ஒரு உதை உதைத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டுத் தூங்கிவிடும்.

பாட்டரி காரின் வேலை அப்படி அல்ல. மணிக்கணக்கில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தடித்த தகடுகள் உள்ள பாட்டரி வேண்டும். கிளப்பும் பாட்டரியை இந்த வேலைக்கு வைப்பது, நூறு கஜ ஓட்டக்காரனை ஏர் உழச் சொல்வது போல! தடித்த தகடு கனக்கும். தூக்கிப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மேலே எழுதியிருக்கும் ஆம்பியர் மணி எண்ணிலும் ஒரு தந்திரம் உண்டு. மெதுவாக மின்சாரம் எடுத்தால் பாட்டரி அதிகம் கொடுக்கும். வேகமாக எடுத்தால் குறைவாகக் கொடுக்கும். 20 மணி நேரக் கணக்கில் 225 என்று போட்ட பாட்டரி, 5 மணி நேரக் கணக்கில் 185 தான். இரண்டு பாட்டரிகளை ஒப்பிடும்போது ஒரே மணிக் கணக்கில் ஒப்பிட வேண்டும். கடைக்காரரிடம் இதைக் கேட்பதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

தண்ணீர் ஊற்றுவது யார்?

விலை கேட்கிறார்கள். கம்பெனி கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சாதாரண ஈய பாட்டரிக்குள் தண்ணீர் கலந்த கந்தகத் திராவகம் இருக்கிறது. சார்ஜ் ஏற ஏறத் தண்ணீர் குறையும். மூடியைத் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். காய்ச்சி வடித்த பாட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரியும் அளவு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை முன்பே ஊற்றலாம். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வெடிக்கக்கூடிய வாயு வரும்.

ஓடிய வண்டிக்கு அன்றிரவே சார்ஜ் ஏற்ற வேண்டும். காலியாகவே போட்டுவைத்தால் தகட்டில் உப்புப் போல் இறுகிவிடும். வெயிலும் பகை. 25 டிகிரிக்கு மேல் சூடு 10 டிகிரி கூடினால், ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். தமிழ்நாட்டில் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு ஆள், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு குறிப்பிட்ட கிழமை இருந்தால் ஈய பாட்டரியே போதும். பணமும் மிச்சம். ஆள் இல்லை, டிரைவர் வாராவாரம் மாறுகிறார் என்றால் அதை வாங்குவது பணத்தைச் சாக்கடையில் போடுவதே. டெண்டரில் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையை எடுக்கும் அதிகாரிக்கு இது தெரிவதில்லை. வண்டி நின்றால் தள்ளுவது அவர் அல்லவே!

அப்படிப்பட்ட இடத்துக்கு லித்தியம் பாட்டரி ஏற்றது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. எடை பாதிக்கும் குறைவு. ஈய பாட்டரி சில நூறு முதல் ஆயிரம் தடவை சார்ஜ் தாங்கும். இரும்பு பாஸ்பேட் கலந்த லித்தியம் இரண்டாயிரம் தடவைக்கு மேல் தாங்கும். விலை மிக அதிகம். பழைய சார்ஜரும் உதவாது. அதற்கேற்ற சார்ஜர் வேண்டும். தினமும் நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு இந்த விலை கட்டும். திருவிழாவுக்குத் திருவிழா ஓடும் வண்டிக்குக் கட்டாது.

பழைய ஆறு எங்கே போகிறது?

இதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பழைய இரும்புக்காரர் நாலு காசு கூடத் தருவார். கொடுத்துவிடுகிறார்கள். அது எங்கோ ஒரு கொல்லையில் உடைக்கப்படுகிறது. திராவகம் மண்ணில் ஊற்றப்படுகிறது. ஈயம் அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்தப் புகையும் தூசியும் பக்கத்தில் விளையாடும் குழந்தையின் ரத்தத்தில் சேர்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டது திரும்பாது.

இதைத் தடுக்க 2022-ல் மத்திய அரசு பாட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்தது. பழைய பாட்டரியைக் குப்பையோடு போடக் கூடாது. சேகரிக்கவும் உருக்கவும் முறையாகப் பதிவு செய்தவர்களிடமே சேர வேண்டும்.

புதியது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். விலையிலும் கழித்துக்கொள்வார்கள். எத்தனை பழைய பாட்டரி கொடுத்தோம் என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.