தீயை நினைவுகூர்வோரே, ஈரத்தை அளந்தீர்களா?

ஆண்டுதோறும் மே மாத இறுதியில் எங்கள் பத்திரிகைகள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைவுகூரும். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த நினைவுக் கட்டுரைகளை எழுதியும் செப்பனிட்டும் வந்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. தீ தின்ற நூல்களுக்காக அழும் நாம், ஈரம் இன்று தின்றுகொண்டிருக்கும் நூல்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

நான் வாழும் வத்தளைக்குத் தெற்கே களனி கங்கை, மேற்கே கடல், வடக்கே முத்துராஜவெலச் சதுப்புநிலம். மே மாதம் தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் உப்புச்சாடிகூட நீர்விடும். காகிதம் மட்டும் எப்படித் தப்பும்? நாம் பாடசாலையில் படித்த சாரீரப்பதன் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் காகிதத்திலும் பசையிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே வெளிக்காற்றில் அது 80 ஐத் தாண்டும் நாட்கள் ஏராளம்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் சேகரித்த பத்திரிகை நறுக்குகளைக் கட்டாகக் கட்டி, கொழும்பிலுள்ள ஒரு நூலகத்துக்குக் கொடுத்தேன். அண்மையில் சென்று விரித்தபோது பாதிப் பக்கங்களில் கரும்புள்ளிகள். மீதி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "குளிரூட்டி போட்டிருக்கிறோமே ஐயா" என்றார் பொறுப்பாளர். மாலை நாலரைக்கு அதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குளிர்ந்து கிடக்கும் சுவரிலும் அட்டைகளிலும் இரவின் ஈரக்காற்று வந்து படிகிறது. அறையில் ஈரமானி ஒன்றுகூட இல்லை. கேட்டால், கருவிக்கு நிதி வேண்டி எழுதியிருக்கிறார்களாம்!

எந்தக் கருவிக்கு ஐயா நிதி? புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைக்குப் போங்கள். டிஎச்டி 11 என்ற நீலநிற உணரி கிடைக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலமொன்றின் மின்தடை மாறுவதைக் கொண்டு அது ஈரப்பதனைச் சொல்கிறது. ஆர்டுயினோ பலகையில் அதைப் பொருத்திப் பாடசாலைக் கண்காட்சிக்கு எடுத்துச்செல்லும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நூலொன்றை மீளக் கட்டுவிக்கும் கூலிகூட இதற்கு ஆகாது.

"அது விளையாட்டுச் சாமான், நம்பமுடியாது" என்று அறிஞர் சிலர் மூக்கைச் சுளிப்பர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தயாரிப்பாளரே ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ காட்டும் என்கிறார். அதன் அண்ணனான டிஎச்டி 22 சற்று மேல். ஆனால் பிழையுள்ள அளவுகோலுக்கும் அளவுகோலே இல்லாமைக்கும் வேறுபாடு தெரியாதவரை அறிஞர் என்பது எப்படி?

மறுபக்கத்தில், திரையில் 62 என்று இலக்கம் விழுந்ததும் அதை வேதவாக்காகக் கொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் உறுதிசெய்யாமல் அச்சேற்றாதே என்பதுதான் பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற்பாடம். உணரிக்கும் அதுவே விதி. குறுக்கு விசாரணைக்கு வேண்டியது சமையலறை உப்பு. ஒரு மூடியில் உப்பையிட்டு, ஈரமணல் பதத்துக்குச் சிறிது நீர் விடுங்கள். உணரியில் உப்புப் படாதபடி இரண்டையும் காற்றுப்புகாத போத்தலில் ஓரிரவு வைத்து மூடுங்கள். உள்ளிருக்கும் ஈரப்பதன் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். நம் அறைகளின் வெப்பநிலை சற்று ஏறி இறங்கினாலும் அந்த எண் அசையாது. உணரி 81 காட்டினால் ஆறைக் கழித்துப் படியுங்கள். பூஞ்சணத்துக்கு நாம் அஞ்சவேண்டிய எல்லை அந்த 75 க்கு அருகில்தான் இருக்கிறது என்பதால், நூலகத்துக்கு இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் போதும். ஆண்டுக்கொருமுறை மீண்டும் செய்யுங்கள், ஏனெனில் உணரிகள் நாளடைவில் பிசகும்.

உணரி அறையை உலர்த்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எந்த அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து நகர்த்தவேண்டும், இரவில் என்ன நடக்கிறது, ஈரமகற்றும் இயந்திரம் உண்மையில் தேவையா என்பதை அது சொல்லும். நிதி கேட்கும் கடிதத்தோடு அந்த இரவுக் கணக்கையும் இணைத்தால், கடிதத்துக்கும் ஒரு கனம் வரும்.

2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தினர் ஈழத்து எழுத்துகளை ஒவ்வொரு பக்கமாக எண்ணிமமாக்கி வருகிறார்கள். அவர்கள் கை எட்டும் வரையிலாவது மூலப்பிரதி உயிரோடிருக்க வேண்டாமா?

1981 இல் தீ வைத்தவர்களை நாம் குற்றஞ்சாட்டுகிறோம், அது நியாயம். பூஞ்சணம் பிடித்த கட்டுக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவது? அந்த அறையின் திறப்பு நம்முடைய கையில்தான் இருந்தது.