ஒரு பகலும் ஓர் இரவும்

அமெரிக்காவில் பத்து வருஷம் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் அந்தத் தேசத்தைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "என்ன சொல்வது? எல்லாம் இருக்கத்தான் இருக்கிறது" என்று கொட்டாவி விடுவார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் தங்கி வந்தவர்களையோ விசாரிக்கவே அவசியமில்லை. அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாதது புதிய கண்ணுக்குத் தெரிகிறது. புதிய கண்ணுக்குத் தெரியாததும் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

பள்ளிப்பட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் நம் நண்பர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். திருத்தணிக்கு அப்பால், கொசஸ்தலை ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960-ஆம் ஆண்டில் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து தமிழ் நாட்டோடு சேர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. கடைத்தெருவில் பாதிப் பேச்சுத் தமிழ், பாதிப் பேச்சுத் தெலுங்கு. ஆகையால் எல்லைக்கோடு, எல்லை தாண்டுதல் முதலிய விஷயங்களில் தமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பது நண்பரின் எண்ணம்.

டொரான்டோ நகரில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டவர், சிகாகோவில் விமானம் மாற வேண்டியிருந்தது. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்குகிறவர்களுக்கும் அமெரிக்காவில் விசா வேண்டும். அதிகாரியின் முன் நின்று, பத்து விரல் ரேகையும் கொடுத்த பிறகுதான் அடுத்த விமானம். "பஸ் மாறுவதற்கு யாராவது பத்திரம் எழுதிக் கொடுப்பார்களா?" என்று நண்பர் நம்மைக் கேட்டார். அடுத்த விமானமோ பனிப்புயலினால் ரத்தாகிவிட்டது. மறுநாள் மாலை வரையில் சிகாகோவாசம் வாய்த்தது இவ்விதந்தான்.

முதல் ஆச்சரியம், காலமான தகப்பனார் ஒலிபெருக்கி மூலமாக அழைக்கப்பட்டது! நமக்கு வம்சப் பெயர் கிடையாதல்லவா? தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளுகிறோம். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சிவலோக பதவியடைந்தவரை, "மிஸ்டர்" என்ற அடைமொழியுடன் சிகாகோ விமான நிலையத்தில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். அப்பாவின் பெயருள்ள வேறு யாரோ தமிழர் இருக்கிறார் போலும் என்று நண்பர் நாலு பக்கமும் தேடினாராம்.

மற்றவை சில்லறை ஆச்சரியங்கள். வெளியே பனி கொட்டும்போது உள்ளே தண்ணீரில் ஐஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். விளக்கு எரிய வேண்டுமானால் விசையை மேலே தள்ள வேண்டும். மாதத்தை முன்னாலும் தேதியைப் பின்னாலும் எழுதுகிறார்கள். பிப்ரவரி 3-ந் தேதி ரசீதை நண்பர் மார்ச்சு 2-ந் தேதி ரசீது என்று படித்து, ஒரு மாதத்து வாடகை வாங்கிவிட்டார்களோ என்று கலங்கியிருக்கிறார்.

ஆனால் அவரை உண்மையில் உறுத்தியது இனாம். சாப்பாட்டு ரசீதின் அடியிலேயே நூற்றுக்குப் பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று கணக்குப் போட்டு அச்சடித்திருந்தார்களாம். "மனம் உவந்து கொடுத்தால் இனாம், கணக்குப் போட்டுக் கேட்டால் அது வரி அல்லவா?" என்றார். நியாயமான கேள்வி. அந்நாட்டு மத்திய சட்டம் இனாம் பெறும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் சம்பளம் போதும் என்று 1991-இல் வைத்தது. பல ராஜ்யங்கள் கூடுதலாக விதித்திருந்தாலும், மத்திய அளவு நெடுங்காலம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாக்கியைச் சாப்பிட வருகிறவர் கொடுக்க வேண்டியது.

இந்த வழக்கம் வேரூன்றியதில் நண்பர் இறங்கிய சிகாகோவுக்குப் பெரும் பங்கு உண்டு. புல்மன் என்ற முதலாளியின் படுக்கை வசதி ரயில் வண்டிக் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1865-இல் அடிமைத்தனம் ஒழிந்ததும், விடுதலையான கறுப்பினத்தாரை அக்கம்பெனி வண்டிப் பணியாட்களாக ஏராளமாக அமர்த்தியது. சம்பளம் சொற்பம், ஜீவனம் பிரயாணிகளின் இனாமில். அவர்களுடைய பெயரை விசாரிப்பார் இல்லை. முதலாளியின் பெயர் ஜார்ஜ். ஆகவே பணியாட்கள் யாவரும் 'ஜார்ஜ்'! அடிமைகளை எஜமானன் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. தகப்பனார் பெயரால் அழைத்ததற்கு நம் நண்பர் சிரித்தார். எஜமானன் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் 1925-இல் சங்கம் அமைத்து, 1937-இல்தான் கம்பெனியை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்கள்.

மறுநாள் காலை ஹோட்டல் போஜன மண்டபத்தில் கண்ட காட்சியை நண்பர் வாயார வர்ணித்தார். வெள்ளையர், கறுப்பினத்தார், சீனர், அறை சுத்தம் செய்யும் மாது எல்லாரும் அவரவர் தட்டுடன் ஒரே வரிசை. "வித்தியாசம் என்பதே அங்கே கிடையாது" என்பது அவருடைய தீர்ப்பு.

புதிய கண்ணுக்குத் தெரியாதது என்று சொன்னோமே, அது இதுதான். அந்த வரிசை என்று உண்டாயிற்று என்பது அதில் நிற்கிறவருக்குத் தெரிவதில்லை.

1955-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்னோர் இந்தியர் இதே போல் வழியில் இறங்கினார். அவர் ஜவுளி வியாபாரி அல்லர். அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராக இருந்த ஸ்ரீ ககன்விஹாரி மேத்தா. டெக்ஸாஸ் ராஜ்யத்து ஹௌஸ்டன் விமான நிலையத்தில், பிரதான போஜன மண்டபத்தில் உட்கார்ந்த அவரையும் அவருடைய காரியதரிசியையும் எழுந்து வேறோர் அறைக்குப் போகச் சொன்னார்கள். நிறத்தைக் கண்டு கறுப்பினத்தார் என்று நினைத்துவிட்டார்களாம். விஷயம் வெளியானதும் அந்நிய நாட்டு மந்திரி டல்லஸ் மன்னிப்புக் கேட்டார். ஹௌஸ்டன் நகரத் தலைவரும் வருந்தினார். மன்னிப்பு எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளைத் தவறாக எண்ணியதற்காக. தனி அறை வைத்திருந்ததற்காக அல்ல. அந்த அறைக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த அந்நாட்டுப் பிரஜைகளுக்கு யாரும் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை.

திருத்தணி மண்ணில் தோன்றிய டாக்டர் ராதாகிருஷ்ணன் 1926-இல் ஹார்வர்டிலும் சிகாகோவிலும் தத்துவம் பேசினார். அவருடைய வெள்ளைத் தலைப்பாகை உலகப் பிரசித்தம். தலைப்பாகைக்கு அமெரிக்காவில் தனி மகிமை இருந்திருக்கிறது. 1947-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரூட்டே என்ற கறுப்பினப் பாதிரியார், தெற்கே மொபீல் நகருக்குப் போகும்போது தலைப்பாகையும் அங்கியும் தரித்துக்கொண்டார். முன்பு ஒரு முறை அவ்வூரில் அவமதிப்புக்கு ஆளானவர் அவர். இம்முறை, யாரோ கீழ்நாட்டுப் பெரிய மனிதர் என்று எண்ணி ராஜோபசாரம் செய்தார்கள். அதே முகம், அதே நிறம். கூடியது சில கஜம் துணி! ஜவுளி வியாபாரிகள் யோசிக்க வேண்டிய விஷயம்.

1964 மே மாதத்தில் டாக்டர் ராம் மனோகர் லோஹியா மிஸிஸிப்பி ராஜ்யத்து ஜாக்ஸன் நகரில் ஒரு சிற்றுண்டிச் சாலையில் நுழைய முயன்று தடுக்கப்பட்டார். மறுநாள் சொல்லிவிட்டே மறுபடியும் போனார். போலீசார் வண்டியில் ஏற்றினர். வழக்கம்போல் ஸர்க்கார் மன்னிப்பு வந்தது. மேத்தாவுக்கு நேர்ந்தது ஆள் மாறாட்டம். லோஹியா தெரிந்தே போனார். அந்த மன்னிப்பை அவர் பொருட்படுத்தவில்லை. அவ்வருஷம் ஜூலை 2-ந் தேதிதான் பொது உணவுச் சாலைகளில் நிற பேதம் காட்டலாகாது என்ற சட்டத்தில் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்டார். நண்பர் நின்ற வரிசைக்கு வயது அவ்வளவே.

இவ்விஷயத்தில் சட்டம் இயற்றியதில் நாம் முந்திக்கொண்டோம். 1950 ஜனவரி 26 முதல் அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்திருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் நுழைய விடாமல் தடுப்பதும், எல்லாருக்குமுள்ள பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பதும் குற்றம் என்ற தனிச் சட்டம் அமலுக்கு வந்தது 1955 ஜூன் முதல் தேதி. அதாவது ஹௌஸ்டனில் நம் தூதர் எழுப்பப்படுவதற்கு மூன்று மாதத்துக்குள். அந்த அவமதிப்பைப் படித்து நம் நாட்டில் கொதித்தவர்கள் எத்தனை பேர் அந்தப் பத்திரிகையை டீக்கடைப் பெஞ்சியில் வைத்துப் படித்தார்களோ! அதே கடைகளில் பலவற்றில், பெஞ்சியில் உட்காரக் கூடாதவர்களுக்கென்று தனித் தம்ளர்கள் வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சட்டம் வந்து வெகு காலத்துக்குப் பிறகும் தமிழ் நாட்டின் சிற்றூர்களில் இரட்டைத் தம்ளர் முறையை ஆராய்ச்சியாளர்களும் இயக்கத்தினரும் கண்டு எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு சில ஊர்களில் தனித் தம்ளர் மறைந்து, குடித்துவிட்டு எறியும் குவளை வந்தது. எல்லாருக்கும் எறியும் குவளையா என்றால், இல்லை, சிலருக்கு மட்டும்.